கட்டணம் கட்டிப் பட்டம்: திம்புள்ள மாணவருக்கு முன்னுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள்

இலங்கையில் கட்டணம் வாங்கிப் பட்டம் தரும் நிறுவனங்கள் அனைத்தும் மக்கள் பேச்சில் 'பிரைவேட் கம்பஸ்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டத்தின் கண்ணில் அவை ஒரே வகையல்ல. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்காக இயற்றப்பட்டது. 1985இல் வந்த திருத்தம் அதில் 25அ என்ற பிரிவைச் சேர்த்தது. அரச பல்கலைக்கழகம் அல்லாத ஒரு நிறுவனம், வர்த்தமானி அறிவித்தல் வழியாக, 'பட்டம் வழங்கும் நிறுவனம்' என்ற தகுதியைப் பெற இப்பிரிவே வாசலைத் திறந்தது. இந்த வாசல் வழியே வந்தவை முதல் வகை.

இரண்டாம் வகை எண்ணிக்கையில் பெரியது. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு நிறுவனம் பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு இங்கே வகுப்பு நடத்துகிறது. பட்டச் சான்றிதழில் இருப்பது வெளிநாட்டுப் பெயர். இங்குள்ள நிறுவனம் பாடம் நடத்தும் இடம் மட்டுமே. மூன்றாம் வகை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது: அரச நிறுவனத்தின் வயிற்றில் பிறந்து, அரச பணத்தாலோ நிலத்தாலோ வளர்ந்து, மாணவரிடம் முழுக் கட்டணம் வாங்கி நடப்பவை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது, எந்த வங்கி என்று கேளாமல் காசைக் கட்டுவதற்குச் சமம்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பத்தனை, கொட்டகலை என்று விரியும் திம்புள்ளப் பகுதியின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவருக்கு இந்தப் பிரிப்பு மற்ற எவரையும்விட முக்கியம். கொழும்பு மாணவர் ஒரு பாடநெறியில் தவறினால் வேறொன்றுக்கு மாறுவார், வீட்டிலிருந்தே போய்வருவார். தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டாவது தடவை கிடைப்பது அபூர்வம். பெற்றோரின் சேமலாப நிதி, அடகு வைத்த நகை, அண்ணனோ அக்காவோ கொழும்புக் கடையில் வேலை செய்து அனுப்பும் பணம் எல்லாம் முதல் தடவையிலேயே செலவாகிவிடும்.

கட்டணப் பட்டங்களுக்கு இத்தனை கேள்வி ஏன் எழுந்தது என்பதற்கு விடை அரச பல்கலைக்கழகங்களின் வாசலில் இருக்கிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1952இல் பேராதனை வளாகம் எழுந்தது. உயர்தரத்தில் மூன்று பாடங்களில் சித்தியும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றவர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி உடையவர். ஆனால் அப்படித் தகுதி பெறுவோரில் பெரும்பான்மையினருக்கு இடமில்லை. அண்மை ஆண்டுகளில் உள்வாங்கப்படுவோர் தொகை நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியே நிற்கிறது. 2001 முதல் நடைமுறையில் உள்ள இஸட் புள்ளி முறைப்படி பெரும்பாலான பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் நாடு தழுவிய தகுதி அடிப்படையிலும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் செல்கின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. திம்புள்ள அடங்கும் நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று.

காகிதத்தில் இது மலையகத்துக்குச் சாதகமான ஏற்பாடு. நடைமுறையில் அந்தச் சலுகை மாவட்டத்துக்குக் கிடைக்கிறதே தவிர தோட்டத்துக்கு அல்ல. மாவட்டத்து நகரப் பாடசாலைகளோடு தோட்டத்துப் பிள்ளை ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். வெளி மாவட்டத்தார் குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி இங்கு வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுநாளாக உண்டு. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தவை. தோட்டங்கள் தேசியமயமான 1970களுக்குப் பிறகே அவை படிப்படியாக அரச கல்வி முறைக்குள் வந்தன. இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பகுதிகளில் ஒரு தலைமுறையைப் பட்டதாரிகளாக்கி முடித்தபின்னரே மலையகம் அந்த வரிசையில் வந்து நின்றது. இன்றும் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இப்பகுதியில் குறைவு. உயர்தரம் படிப்போரில் பெரும்பாலானோர் கலைப்பிரிவில். கலைப்பிரிவில் போட்டி கடுமை. சித்தியடைந்தும் இடம் கிடைக்காதோர் அதிகம். தனியார் நிறுவனங்களின் துண்டுப்பிரசுரங்கள் போய்ச்சேரும் கைகள் இவைதான்.

இவ்விடத்தில் ஒரு முரண் கண்ணில் படாமல் போகாது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. உலகத் தரமான தேயிலை ஆராய்ச்சி நடக்கும் அந்த மலைச்சரிவைச் சுற்றி வாழும் சமூகத்துக்குத் தன் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் இல்லை. மலையகப் பல்கலைக்கழகம் என்பது தேர்தல்தோறும் எழும் கோரிக்கையாகவே இருந்துவருகிறது.

தனியார் பட்டக்கல்வி இலங்கையில் கடந்து வந்த பாதை சண்டையும் சச்சரவும் நிறைந்தது. முதல் பெரிய முயற்சி 1980களின் தொடக்கத்தில் ராகமையில் எழுந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரி. கட்டணம் செலுத்தி மருத்துவம் படிக்க வழிசெய்த அக்கல்லூரிக்கு எதிராக மாணவர் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடின. 1989இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. 1991இல் அது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமாக மாறியது. அங்கு படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவழியாகப் பட்டம் பெற்றார்கள். ஆனால் தாங்கள் சேர்ந்த நிறுவனம் தாங்கள் வெளியேறும்போது இல்லை.

அதே கதை இன்னும் பெரிய அளவில் மாலபேயில் மீண்டும் நடந்தது. 2008இல் தொடங்கிய சைட்டம் நிறுவனம் மருத்துவப் பட்டம் வழங்குவதற்கு 2011இல் வர்த்தமானி அங்கீகாரம் பெற்றது. வர்த்தமானி வந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்பிப் பெற்றோர் பணம் கட்டினார்கள். ஆனால் மருத்துவராகப் பணியாற்ற இலங்கை மருத்துவச் சபையின் பதிவு வேண்டும். சபை, மருத்துவப் பயிற்சியின் தரம் போதாது என்று பதிவை மறுத்தது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யுமாறு தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து மருத்துவர் வேலைநிறுத்தங்களும் மாணவர் ஆர்ப்பாட்டங்களும் ஆண்டு முழுவதும் நடந்தன. அவ்வாண்டின் இறுதிக்குள் நிறுவனத்தை ஒழிப்பதாக அரசு அறிவித்தது. மாணவர்கள் 2018இல் ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் பக்கம் மாற்றப்பட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இன்றும் வாதத்துக்குரியது. மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பாடம் தெளிவானது: பட்டத்துக்கு அங்கீகாரம் ஒரு படி, தொழிலுக்கு அங்கீகாரம் வேறொரு படி. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் கையில் இருப்பது சட்டப்படி செல்லும் பட்டம். ஆனால் வேலைக்கு ஆகாது.

ஆகவே மருத்துவம், பொறியியல், சட்டம், தாதியியல், கட்டடக்கலை ஆகியவற்றில் சேர விரும்புவோர் பட்ட அங்கீகாரம், தொழில் அங்கீகாரம் ஆகிய இரண்டின் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். பொறியியலுக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் தேவை. அந்நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதால், அது ஏற்ற பட்டம் வெளிநாட்டிலும் எடுபடும். ரஷ்யா, சீனா, பங்களாதேஷ், நேபாளம் போய் மருத்துவம் படித்துத் திரும்புவோர் மருத்துவச் சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பல தடவை எழுதியும் சித்தியடையாதோர் உண்டு. தகவல் தொழில்நுட்பம், முகாமைத்துவம் போன்ற துறைகளில் இப்படியான வாயிற்காவலர் இல்லை. தனியார் நிறுவனங்கள் இத்துறைகளில் குவிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆய்வுகூடம், மருத்துவமனை போன்ற பெருஞ்செலவு இல்லாதது இன்னொரு காரணம்.

பெயர்களுக்கு வருவோம். 'ஸ்லிட்' என்று அறியப்படும் இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் 1999இல் மஹபொல நம்பிக்கை நிதியத்தின் பணத்தோடு தொடங்கப்பட்டது. மாலபேயில் அதன் தலைமை வளாகம் உள்ளது. கணினித் துறையில் பெயர்பெற்று, பின்னர் பொறியியல், வணிகம், மனிதப்பண்பியல் கற்கைகள் என விரிந்தது. மஹபொல என்பது ஏழை மாணவருக்குப் புலமைப்பரிசில் தரும் நிதியம். அதன் பணத்தில் பிறந்த நிறுவனம் எப்படிக் கைமாறிச் சுயமாக இயங்கத் தொடங்கியது என்பதைப் பாராளுமன்றத்தின் பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு (கோப்) ஆராய்ந்ததும் பொது அறிவில் உள்ள செய்தி. படிப்பின் தரத்தைப் பொறுத்தவரை தொழிற்சந்தையில் இந்நிறுவனத்தின் பட்டதாரிகளுக்கு மதிப்பு உண்டு. கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இப்போது கிளைகள் இயங்குகின்றன.

என்.எஸ்.பி.எம். பசுமைப் பல்கலைக்கழகம் ஹோமாகமைக்கு அருகே பிட்டிபனையில் 2016இல் திறக்கப்பட்ட பெரிய வளாகம். அரசின் தேசிய வணிக முகாமைத்துவ நிறுவனத்திலிருந்து கிளைத்தது இது. மேலே சொன்ன மூன்றாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான பட்டங்கள் உண்டு: ஒருபுறம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்ற உள்நாட்டுப் பட்டங்கள், மறுபுறம் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் போன்றவற்றின் பட்டங்கள். ஒரே வளாகத்தில், சில வேளை ஒரே விரிவுரையாளரிடம் படித்தாலும் இவ்விரண்டின் சட்ட நிலையும் கட்டணமும் வேறுவேறு. விண்ணப்பிப்பவர் 'என்.எஸ்.பி.எம்.மில் சேர்ந்தேன்' என்று சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பட்டத்தில் சேர்ந்தார் என்பதே கேள்வி.

கொழும்பிலுள்ள ஐ.ஐ.டி. என்ற இன்போமெட்டிக்ஸ் நிறுவனம் 1990 முதல் இயங்குவது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கு இங்கே கற்பிக்கிறது. (இந்தியாவின் ஐ.ஐ.டி.களோடு இதற்கு ஒரு தொடர்பும் இல்லை; உறவினர் வீட்டுப் பேச்சில் இந்தக் குழப்பம் வருவதுண்டு.) ஏ.பி.ஐ.ஐ.டி., ஐ.சி.பி.டி., எசொஃப்ட் முதலியன வெளிநாட்டுப் பட்டங்களைத் தருவோர் பட்டியலில் முன்னிற்பவை. பாதுக்கையிலுள்ள இலங்கைத் தொழில்நுட்ப வளாகம், மாலபேயின் ஹொரைசன், கேகாலையின் சணச வளாகம் ஆகியன 25அ பிரிவின் கீழ் வருபவை. பாதுகாப்புப் பல்கலைக்கழகம் தன் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவது. படையினரோடு கட்டணம் செலுத்தும் பொதுமக்களையும் சேர்க்கிறது.

திம்புள்ளையிலிருந்து பார்த்தால் கண்டி கொழும்பைவிடப் பக்கம். ஸ்லிட், ஐ.சி.பி.டி., எசொஃப்ட், தேசிய வணிக முகாமைத்துவ நிறுவனம் ஆகியன கண்டியில் கிளை வைத்திருப்பதால் தங்குமிடச் செலவைக் குறைக்க முடிகிறது. எனினும் கிளையில் தலைமை வளாகத்தின் எல்லாப் பாடநெறிகளும் நடப்பதில்லை. சில பட்டங்களின் கடைசி ஆண்டுகளுக்குக் கொழும்புக்கே போக வேண்டியிருக்கலாம். இதைச் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது கடினமான காரியமல்ல, ஆனால் கவனமாகச் செய்ய வேண்டியது. 25அ பிரிவின் அங்கீகாரம் பட்டம் பட்டமாகத் தரப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் கணினி விஞ்ஞானப் பட்டம் வர்த்தமானியில் வந்துவிட்டதால் அதன் உளவியல் பட்டமும் ஏற்கப்பட்டதாகாது. 'மானியங்கள் ஆணைக்குழு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்' என்ற பலகை பெருவீதிகளில் தொங்கும். பார்க்க வேண்டியது பலகையை அல்ல, பட்டத்தின் முழுப் பெயரை. வெளிநாட்டுப் பட்டமானால் தாய்ப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதே மானியங்கள் ஆணைக்குழு வழக்கமாகப் பார்க்கும் அளவுகோல். இலங்கைத் தகைமைச் சட்டகம் இன்னொரு அளவுகோல்: மூன்றாண்டு இளமாணிப் பட்டம் அதில் 5ஆம் மட்டம், 90 திறமைப் புள்ளிகள், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 புள்ளிகள். ஒன்றரை ஆண்டில் பட்டம் என்று யாரும் சொன்னால், மாணவர் உயர் தேசிய டிப்ளோமாவுக்குப் பின் இறுதி ஆண்டில் மட்டும் சேரும் 'டொப் அப்' ஏற்பாடாக அது இருக்கலாம், அல்லது பட்டமே இல்லாததாக இருக்கலாம். டொப் அப் தன்னளவில் பிழையல்ல. ஆனால் அரச வேலைகளின் ஆட்சேர்ப்புத் திட்டங்கள் சில அதை எப்படிக் கணிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மலையகத்தில் பட்டதாரியின் முதல் இலக்கு இன்றும் ஆசிரியர் நியமனம்தான் என்பதால் இது சிறு விடயமல்ல.

பணக் கணக்குதான் இந்த விடயத்தின் கனமான பகுதி. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாள் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால் 33,750 ரூபா. கொழுந்து குறைந்த மாதங்களில் அரைப்பேரும் விழும், வேலை நாட்களே குறைவதும் உண்டு. ஒரு பட்டப்படிப்புக்கு மொத்தம் பத்து லட்சம் ரூபா கட்டணம் என்று வைத்துக்கொண்டால், அது 1,350 ரூபா வீதம் 741 நாட்களின் சம்பளம். அரிசி, மா, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எதற்கும் ஒரு சதமும் எடுக்காமல். பெரிய நிறுவனங்களின் நான்காண்டுப் பாடநெறிகள் பத்து லட்சத்தோடு நிற்பதில்லை. பின்னர் வந்த சம்பள உயர்வுகளைச் சேர்த்தாலும் கணக்கின் தன்மை மாறாது.

கட்டணம் என்று துண்டுப்பிரசுரம் சொல்லும் தொகைக்கு வெளியே பல செலவுகள் இருக்கின்றன. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மீள்பரீட்சைக் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம் ஆகியன தனி. மாலபேயிலோ ஹோமாகமையிலோ போர்டிங் அறைக்கு முற்பணமும் மாத வாடகையும் வேண்டும்; சாப்பாடு, பஸ், மடிகணினி, இணையம் அதற்கு மேல். வெளிநாட்டுப் பட்டங்களில் இன்னோர் ஆபத்து உண்டு: கட்டணத்தின் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ குறிக்கப்படுகிறது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, பாதி வழியில் இருந்த மாணவர்களின் மீதிக் கட்டணம் ஒரே ஆண்டில் எகிறியது. ரூபாவில் மட்டும் குறிக்கப்பட்ட கட்டணம், சேர்ந்த நாளில் இருந்து இறுதி வரை மாறாது என்ற எழுத்து உறுதி ஆகிய இரண்டும் தோட்டக் குடும்பத்துக்கு எந்தத் தரவரிசையையும்விடப் பெறுமதியானவை.

கடனுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அரச சாரா நிறுவனங்களில் அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்புகளுக்கு 2017 முதல் அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை நடத்திவருகிறது. வட்டியை அரசு பொறுப்பேற்கும். முதலை மாணவர் பட்டம் முடித்தபின் தவணையில் அடைக்க வேண்டும். முதலில் எட்டு லட்சமாக இருந்த உச்சத் தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. கடன் நிறுவனத்துக்கே நேராகச் செல்லும். கட்டணம் கடன் தொகையை மிஞ்சினால் மீதியைக் குடும்பம் கட்ட வேண்டும். திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள், பட்டங்கள், விண்ணப்ப நாட்கள் ஆகியன ஒவ்வோர் உள்வாங்கலுக்கும் பத்திரிகையில் அறிவிக்கப்படும். இத்திட்டத்தில் ஒரு பட்டம் இடம்பெற்றிருப்பதே அதன் அங்கீகாரத்துக்கு ஓரளவு சான்று என்பது கூடுதல் பயன்.

மலையகத்துக்கு இதில் சிக்கல் ஏற்படும் இடம் பிணை. வங்கிக் கடன் எதற்கும் பிணையாளர் வேண்டும். நிரந்தர வருமானமுள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். லயத்தில் வாழும் குடும்பத்துக்குத் தான் வாழும் அறைக்கும் உறுதிப்பத்திரம் கிடையாது; காணியை ஈடு வைத்துத் தனியார் வங்கியில் கல்விக் கடன் எடுப்பது அவர்களுக்கு இல்லாத வழி. தோட்டத்து ஆசிரியரோ தபால் உத்தியோகத்தரோ இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மேல் பிணை நிற்க முடியாது. கடன் திட்டத்தை வகுத்தோர் கண்ணில் இந்த வீட்டுரிமைப் பிரச்சினை பட்டதாகத் தெரியவில்லை.

இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் அனுசரணையோடு 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் தோட்டப் பிள்ளைகளுக்கு உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் உதவித்தொகை வழங்கிவருகிறது. இந்திய அரசின் நேரு நினைவு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்கின்றன. சொந்தச் செலவில் தமிழ்நாட்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் போவோரும் உண்டு. மொழிச் சூழலும் உணவும் பழகியவை என்பதால் பெற்றோர் விரும்புகிறார்கள். அங்கும் இதே சோதனை பொருந்தும்: இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலும் பொதுநலவாய ஆண்டேடும் ஒத்துப்போக வேண்டும். உள்ளூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் தபால்வழிப் பட்டம் விற்போரிடம் ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

மொழியும் பாடப்பிரிவும் பணத்துக்கு அடுத்த தடைகள். தனியார் நிறுவனங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஆங்கில மொழியில் கற்பிக்கின்றன. தமிழில் உயர்தரம் எழுதிய மாணவர் முதல் பருவத்தில் விளங்காமல் உட்கார்ந்திருப்பதும், மீள்பரீட்சைக்குப் பணம் கட்டுவதும், அவமானம் தாங்காமல் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுவதும் நடக்கிறது. பொறுப்பாக நடக்கும் நிறுவனங்கள் சேர்க்கைக்கு முன்பே ஆங்கிலத் தேர்வு வைத்துத் தனிப் பாடம் நடத்துகின்றன. இல்லாதவை 'ஆங்கிலம் தானே வந்துவிடும்' என்று சொல்லி முதல் தவணையை வாங்கிக்கொள்கின்றன. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிடும் மாணவர் பின்னால் பல ஆயிரம் ரூபாவை மிச்சப்படுத்துகிறார். கலைப்பிரிவில் சித்தியடைந்தோர் முகாமைத்துவம், சில தகவல் தொழில்நுட்பப் பட்டங்கள், சட்டம், ஆங்கிலம் ஆகியவற்றில் சேர முடியும். கணிதம் இல்லாமல் கணினி விஞ்ஞானத்தின் ஆழமான பாடங்களைத் தாண்டுவது சிரமம் என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சாதாரண தரத்தோடு அடிப்படைப் பாடநெறி வழியாகச் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. உயர்தரம் இல்லாமல் எடுத்த பட்டம் அரச நியமனங்களில் கேள்விக்குள்ளாகலாம். உயர்தரத்தை முடித்துவிட்டுப் போவதே உத்தமம்.

கற்பித்தலின் தரம் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லலாம். பெரிய நிறுவனங்கள் முழுநேர ஆசிரியர் குழாமை வளர்த்திருக்கின்றன. சிறியவற்றில் வார இறுதியில் பாடமெடுப்போர் பலர் வாரநாளில் அரச பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள். அவர்களின் அறிவில் குறையில்லை. ஆனால் பாடம் முடிந்ததும் போய்விடுவார்கள், சந்தேகம் கேட்க ஆளிருக்காது. வகுப்பில் விளங்காததை வீட்டில் கேட்டுக்கொள்ள வழியுள்ள பிள்ளைக்கு இது பெரிய குறையல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு அதுவே படிப்பை முடிப்பதற்கும் நிறுத்துவதற்கும் இடையிலான வேறுபாடு.

தனியார் நிறுவனத்தை நாடுமுன் எதிரே உள்ள மாற்று வழிகளையும் தட்டில் வைத்துப் பார்ப்பது முறை. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கும் அரச பல்கலைக்கழகம். அதன் பட்டம் குறித்து எந்தக் கேள்வியும் எழாது. ஹட்டனில் அதற்குக் கற்கை நிலையம் உண்டு. சில பாடநெறிகளைத் தமிழ் மொழியில் தொடரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். கட்டணம் பாடம் பாடமாகக் கட்டுவது. மலையக ஆசிரியர்கள் பலர் இந்த வழியாகத்தான் பட்டமும் கல்வி டிப்ளோமாவும் பெற்றார்கள். உயர்தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கண்டி நிலையம் போன்றவற்றில் உயர் தேசிய டிப்ளோமா முழுநேரத்தில் இலவசம். பத்தனையிலுள்ள ஸ்ரீ பாத தேசிய கல்வியியல் கல்லூரி ஜெர்மனிய உதவியோடு எழுந்தது. உயர்தரம் சித்தியடைந்தோரைச் சேர்த்து ஆசிரியராக்கி அனுப்புகிறது, மாணவரிடம் கட்டணம் வாங்காமல். தொழிற்பயிற்சிப் பக்கத்தில் தேசிய தொழிற்தகைமையின் (என்.வி.கியூ.) 7ஆம் மட்டம் பட்டத்துக்கு இணையானது. இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் அந்தப் படிக்கட்டின் உச்சி. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் தருகிறது. இது அரச உள்வாங்கல், இஸட் புள்ளியோடு வருவது. மாணவர் கைநூலில் விருப்பத் தெரிவுகளை நிரப்பும்போது கலை, முகாமைத்துவம் என்ற பழகிய பெயர்களோடு நின்றுவிடும் மாணவர்கள் இப்படியான சிறு பாடநெறிகளைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அதன்பின் கட்டணப் பட்டத்தைத் தேடுகிறார்கள்.

இவ்வழிகள் அடைபட்டவருக்கு, அல்லது தகவல் தொழில்நுட்பம் போன்ற துறையில் தெளிவான விருப்பமும் ஓரளவு ஆங்கிலமும் உள்ளவருக்கு, தனியார் பட்டம் நியாயமான தெரிவு. அதிலும் 25அ பிரிவின் கீழ் ஏற்கப்பட்டு, வட்டியில்லாக் கடன் திட்டத்தில் உள்ள, கண்டியில் நடக்கும் பட்டமே திம்புள்ள மாணவருக்கு முதல் தேர்வாக இருக்கத் தக்கது. அடுத்தது அதே தகுதியுள்ள கொழும்புப் பட்டம். வெளிநாட்டுப் பட்டம், வெளிநாட்டில் குடியேறும் திட்டம் உள்ள, செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்களுக்கு உரியது.

சேர்க்கையின் காலக்கணக்கு கடைசியாகக் கவனிக்க வேண்டியது. உயர்தரப் பரீட்சை முடிவதற்கும் அரச வெட்டுப்புள்ளி வெளியாவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடுகின்றன. அண்மை ஆண்டுகளில் அந்த இடைவெளி நீண்டே இருக்கிறது. தனியார் நிறுவனங்களின் விளம்பரமும் தொலைபேசி அழைப்பும் ஹட்டன், தலவாக்கலை மண்டபங்களில் நடக்கும் கருத்தரங்குகளும் சூடுபிடிப்பது அந்த மாதங்களில்தான். 'இன்று பதிந்தால் கட்டணத்தில் கழிவு' என்ற பேச்சில் முதல் தவணையைக் கட்டிவிட்டபின் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அந்தப் பணம் திரும்பி வருவது அரிது. எனவே பணத்தை மீளளிக்கும் விதி, இடைநிறுத்தினால் என்ன ஆகும் என்ற விதி, அதுவரை பெற்ற புள்ளிகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் விதி ஆகிய மூன்றையும் நிறுவனத்தின் முத்திரையோடு எழுத்தில் வாங்க வேண்டும். பட்டத்தின் முழுப் பெயரும் அதை வழங்கும் நிறுவனத்தின் பெயரும் வர்த்தமானியின் இலக்கமும் திகதியும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக மட்டும் சொல்வோம், எழுதித் தர மாட்டோம் என்று நிறுவனம் மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதுமுன் வெளியே வந்துவிடலாம்.